மூன்றாவது இன்னும்

என் அண்ணனுக்கு அந்தப் பாட்டைப் பற்றி வயதுக்கு ஒரு கருத்து. இளம் வயதில் யார் கேட்டாலும், "அது என் தலைச்சன் பிள்ளை" என்பார். நாற்பதைத் தாண்டியதும் அந்தத் தலைச்சன் வேண்டாத பிள்ளை ஆகிவிட்டது. ஒரு விருந்தில் வாத்தியக்காரர்கள் அதை வாசிக்கத் தொடங்கியதும், கையில் இருந்த தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். "மீசை முளைக்காத பய போட்ட பாட்டு. அதைப் போய்க் கொண்டாடறானுங்க" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். அறுபதில் மனம் மாறி, பெரிய வயலின் கூட்டத்தை உட்காரவைத்து அதையே மறுபடி பதிவு செய்தார். யாரும் சீந்தவில்லை. அதற்கும் பாட்டைத்தான் திட்டினார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இப்போதைய கருத்து, "நான் போட்டதுலயே உண்மையான பாட்டு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வித்தை."

அந்தப் பாட்டைப் பாடியவள் நான். அவருடைய ஒரே தங்கை. என் கருத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் காது புளித்திருக்கும், அது வேறு விஷயம்.

'விளக்கை அணைக்காதே, வந்துகொண்டிருக்கிறேன்' என்று பாட்டு தொடங்கும். அண்ணனின் முதல் படத்தில் வந்தது. ரெக்கார்டில் கேட்டால் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடும். சரணத்தின் முடிவில் 'இன்னும்' என்ற சொல் மூன்று முறை வரும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலே. மூன்றாவது இன்னும் உச்சியில் போய் நின்று, அங்கேயே கொஞ்சம் ஆடி, பிறகுதான் இறங்கும். அந்த ஓர் இடத்துக்காகத்தான் ஜனங்கள் ரெக்கார்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டார்கள். படம் ஒரு வாரத்தில் சுருண்டு படுத்துவிட்டது. பாட்டு மட்டும் பேருந்திலும் முடிவெட்டும் கடையிலும் எதிர்வீட்டு ரேடியோவிலும் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தெருக் காய்கறிக் கடைக்காரர் மூன்றாவது இன்னுமைத் தன் தொண்டையில் ஒருமுறை கொன்றுவிட்டுத்தான் எனக்குத் தக்காளி நிறுப்பார்.

அந்த மூன்றாவது இன்னும் எனக்கு மேடையில் வரவில்லை.

முதல் மேடை ஒரு பெரிய அரங்கம். புதுச் செருப்பு, கடன் வாங்கிய கைக்கடிகாரம், எல்லாம் அமர்க்களம். எங்கள் தொழிலில் சுருதியைக் 'கட்டை' என்று சொல்வோம். கட்டை ஏற ஏறப் பாடுகிறவர் குரலும் மேலே ஏறியாக வேண்டும். ரெக்கார்டு ஆறு கட்டையில் இருந்தது. வாத்தியக்காரர்கள் ரெக்கார்டைக் கேட்டுத்தான் பாடம் செய்திருந்தார்கள், அதனால் மேடையிலும் ஆறு கட்டை. முதல் இன்னும் வந்தது. இரண்டாவது, கழுத்து நரம்பு புடைக்க வந்தது. மூன்றாவதற்கு வாயைத் திறந்தேன், கதவிடுக்கில் வால் மாட்டிய எலி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார். அப்புறம் முன்வரிசையும் சிரித்தது.

மேடைக்குப் பின்னால் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அன்னைக்குப் பாடினியா இல்லையா? அதே பாட்டு, அதே தொண்டை. இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு? சாதகம் பண்ணு. நாலு பேர் புகழ்ந்ததும் தலைக்கனம் ஏறிடுச்சு உனக்கு."

சரி, தலைக்கனம்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். விடிந்ததும் ஆர்மோனியத்தை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு ஆறு கட்டையில் கத்தினேன். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தபடியே, "போதும்டி, ரத்தம் வந்துடப் போகுது" என்பாள். ஒருநாள் வந்தது. தொண்டை மருத்துவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் காய்ப்புக் காய்த்திருக்கிறது, கொஞ்ச காலத்துக்குப் பேசவே கூடாது என்றார். பேசாமல் இருந்தேன். மறுபடி பாடினேன். மறுபடி எலி. வாத்தியக்காரர்கள் எனக்குக் 'கீச்சு' என்று பேர் வைத்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது அடுத்து கிளம்பிய பேச்சு: "அந்த ரெக்கார்டுல பாடினது இவளே இல்ல. வேற யாரோ. அண்ணன்காரன் தங்கச்சி பேரைப் போட்டுட்டான்."

அதைக் கேட்டபிறகு ரெக்கார்டைப் போட்டு நானே உற்றுக் கேட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மெல்லிசாக, சின்னப் பெண் குரலாக, வெள்ளிக்காசு விழுகிற மாதிரி. நானா இது?

பதிவின்போது எந்தக் கட்டையில் பாடினாய் என்று உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது இருபது வயது, அன்றைக்குக் காய்ச்சல் வேறு. அண்ணன் ஆர்மோனியத்தில் விரலை வைத்து "இதைப் பிடி" என்றார், பிடித்தேன். பாடி முடித்ததும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அண்ணன் வைத்ததுதான் எனக்குச் சுருதி.

அடுத்த படத்துக்கு அண்ணன் வேறு பாடகியைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை கிடைத்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "தயவுசெய்து காத்திருக்கவும், லைன் வேலையாக இருக்கிறது" என்று ஆயுசு பூராவும் சொன்னேன். அதற்கு எத்தனை கட்டை வேண்டும்? என் மகள் பிறந்தபோது அவளைத் தூங்கவைக்கக்கூட நான் பாடவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டு எண்களைச் சொல்வேன். ஒன்று, இரண்டு, மூன்று. பாவம், அதற்கும் தூங்கினாள்.

இதெல்லாம் பழைய கதை. போன வாரம் வரைக்கும் இதை நான் என் குறை என்று நினைத்துக்கொண்டுதான் மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

போன வாரம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய பழைய பாட்டுகளையெல்லாம் ஆதி டேப்பிலிருந்தே எடுத்துச் சுத்தம் செய்து வெளியிடுகிறார்களாம். ரேடியோக்காரர் ஒருவர் பேட்டி எடுக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறாராம்.

"நீயும் வா குட்டி. விளக்குப் பாட்டைப் பத்திப் பேசணும். நீ பாடவேண்டாம். சும்மா என் பக்கத்துல உக்காரு, போதும்."

எனக்குப் பேரப்பிள்ளை பிறந்தபிறகும் நான் அவருக்குக் குட்டிதான். போனேன்.

நல்ல மத்தியான வெயிலில் நடந்து வந்து அந்த அறைக்குள் நுழைந்தால் ஐஸ்பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி, அதற்குள் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிற அறை, இந்தப் பக்கம் நாங்கள். மூலையில் துணி துவைக்கிற யந்திரம் அளவுக்கு ஒரு பழைய டேப் மெஷின், மூடி திறந்து, சூடேறிய தூசி வாசனையோடு. அதன் முன்னால் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தாள். என் மகள் வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி ஒன்று கண்ணில், இன்னொன்று தலைமேல். என்னைப் பார்த்து, "அந்த இன்னும் நீங்கதானா!" என்று எழுந்து நின்றாள். நான் பல்லைக் காட்டி வைத்தேன்.

ரேடியோக்காரர் வாயாடி. சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தார். "சார், உங்க பழைய பாட்டையெல்லாம் இப்பக் கேட்டா உங்களுக்கு என்ன தோணும்?"

அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேட்டி என்றால் அவருக்கு வெல்லம். "சின்ன வயசுல எடுத்த போட்டோ மாதிரிங்க. முப்பது வயசுல அதைப் பாத்தா கூச்சமா இருக்கும், என்னடா இது தலைமுடின்னு. ஐம்பதுல பாத்தா கோபம் வரும், இந்தப் பயலுக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு. இந்த வயசுல பாத்தா, அட, நல்லாத்தானே இருந்திருக்கேன், யாராவது அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதான்னு தோணும்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். மனுஷர் நன்றாகத்தான் பேசுவார்.

அப்போதுதான் ஒலிப்பதிவாளர் திரும்பினாள். "சார், நடுவுல பேசறேன், மன்னிச்சுக்கங்க. விளக்குப் பாட்டு ரீல்ல ஒரு சிக்கல். ரெக்கார்டைவிட இதுல பாட்டு நீளமா இருக்கு. சுருதியும் ஒரு கட்டை கம்மி, அஞ்சு கட்டையிலதான் இருக்கு. நம்ம மெஷின் மெதுவா ஓடுதோன்னு அதே பெட்டியில இருந்த மத்த ரீலையெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். அதெல்லாம் சரியா ஓடுது. இது மட்டும் ஏன் இப்படி?"

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கோளாறு மெஷின்ல இல்லம்மா. அப்ப எனக்கு இருந்த வயசுல!"

ரேடியோக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். இந்த மாதிரி ஆட்களுக்குக் கதை வாசனை மூக்கில் ஏறிவிடும்.

"முதல் படம். பாடி முடிச்சு எல்லாரும் போயாச்சு. நானும் அப்ப இருந்த ஒலிப்பதிவாளரும் மட்டும் உக்காந்து கேக்கறோம். பாட்டு இழுக்குது. நகரவே மாட்டேங்குது. இதை வெளியில விட்டா நம்ம கதை கந்தல்னு தோணிச்சு. மறுபடி எல்லாரையும் கூப்பிட்டுப் பதிவு பண்ணக் காசு கிடையாது. அந்த ஒலிப்பதிவாளர் பெரிய கில்லாடி. மெஷின்ல டேப்பை இழுக்கற ஒரு சின்ன இரும்புத் தண்டு இருக்கும் பாருங்க, அதுமேல ஒட்டுற டேப்பைச் சுத்தினார். நல்லா நாலஞ்சு சுத்து. தண்டு தடிச்சுடுச்சா? தடிச்சா டேப்பை வேகமா இழுக்கும். அப்படியே ஓடவிட்டு வேற ரீல்ல பிரதி எடுத்தோம். பாட்டு குதிரை மாதிரி கிளம்பிடுச்சு! குரலும் ஒரு கட்டை மேல ஏறி, சும்மா குயிலு! அந்தப் பிரதியிலதான் ரெக்கார்டு போட்டோம். அசல் இதோ, இத்தனை வருஷமா இந்தப் பெட்டிக்குள்ள தூங்குது."

"அடேங்கப்பா!" என்றார் ரேடியோக்காரர். "ஒட்டுற டேப்பா! இதை இதுவரைக்கும் நீங்க எங்கயும் சொன்னதில்லையே சார்!"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கூடச் சேர்ந்து சிரிக்க என் வாய் பாதி திறந்துகூட விட்டது. பிறகு ஒரு கட்டை என்ற சொல் காதுக்குள் போய் இறங்கியது. அஞ்சு கட்டை. நான் பாடியது அஞ்சு கட்டையில். நான் ஆறு கட்டையில் பாடவே இல்லை. என் வாழ்நாளில் ஒருமுறைகூட நான் ஆறு கட்டையில் அந்தப் பாட்டை முழுசாகப் பாடியதில்லை.

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், இல்லையென்றால் விழுந்திருப்பேன். சுவரில் இருந்த சாம்பல் துணியின் தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணனின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு ரேடியோக்காரர் கேட்டது காதில் விழுந்தது. "இது பாடினவங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஓ! குட்டிக்குத் தெரியாததா? அவளுக்கு அப்பவே தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தெரியாது" என்றேன்.

இதுவரைக்கும் அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூத்தவன், பேர் பெற்றவன். இனிமேல் எனக்கு அந்த மரியாதை வாயில் வராது.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல். "சொன்னேனே குட்டி. சொல்லியிருப்பேனே?"

"எப்ப சொன்னே? நான் எலி மாதிரி கத்தினப்பவா? மேடைக்குப் பின்னாடி என் தோளைப் பிடிச்சு உலுக்கினப்பவா? வாயில ரத்தத்தோட அம்மாகிட்டப் போய் நின்னப்பவா? சொல்லேன், எப்ப சொன்னே?"

ரேடியோக்காரர் நல்ல மனுஷர். மேசைமேல் இருந்த கருவியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கதவைச் சாத்தாமல்கூடப் போய்விட்டார். ஒலிப்பதிவாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அவளும் போகலாமா என்று பார்த்தாள். "நீ இரும்மா" என்றேன். யாராவது ஒருவர் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"அன்னைக்குப் பாடினியா இல்லையான்னு கேட்டே. ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"அப்ப உனக்குத் தெரியும், நான் ஆறு கட்டையில பாடலைன்னு."

"தெரியும்."

அடப்பாவி! மறந்துவிட்டேன் என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். மறந்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். தெரியும் என்கிறான். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டு, தெரியும் என்கிறான்!

"ஒரு வார்த்தை! 'ஒரு கட்டை இறக்கி வாசிங்கடா'ன்னு வாத்தியக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. என்கிட்டகூடச் சொல்ல வேண்டாம். அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேடா!"

என் வாழ்க்கையில் அவனை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"இறக்கினா ரெக்கார்டு மாதிரி இருக்காது குட்டி. யாராவது ஒருத்தன் கண்டுபிடிச்சிடுவான். பாட்டே பித்தலாட்டம்னு சொல்லிடுவாங்க. அப்ப எனக்கு அந்த ஒரு பாட்டுதான் இருந்துச்சு. வேற எதுவும் கையில இல்ல." அவன் குரல் கீழே போய்விட்டது. "அப்புறம் வேற பாட்டெல்லாம் வந்துச்சு. அப்பச் சொல்லியிருக்கலாம். ஆனா உனக்குத் தொண்டை போயாச்சு. போனதுக்கு அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? அதைக் கேக்கவே பிடிக்கலை எனக்கு. எங்க கேட்டாலும் அந்தத் தண்டுதான் கண்ணுல தெரியும். பாட்டு ஜெயிச்சது என் டியூனாலயா, அந்த ஒட்டு டேப்பாலயான்னு எனக்கே தெரியலை. மீசை முளைக்காத பய அது இதுன்னு திட்டினதெல்லாம் இதனாலதான்."

"உனக்குப் பாட்டு பிடிக்காமப் போச்சு, எந்திரிச்சு வெளியில போயிட்டே. எனக்கு என்னையே பிடிக்காமப் போச்சு. நான் எங்க போறது?"

பெருமூச்சு விட்டான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. பெருமூச்சு விடவேண்டியவள் நான்.

ஒலிப்பதிவாளர் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நீங்க இந்த ரீலைக் கேட்டதே இல்லையா?"

"எங்கேம்மா கேட்டேன். பாடினதோட சரி."

"போடட்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. "போடு" என்றேன்.

ரீல் சுற்றத் தொடங்கியது. முதலில் அறையின் சத்தம். யாரோ இருமுகிறார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. பிறகு வயலின். துள்ளல் எங்கே? துள்ளலே இல்லை. நடக்கிற வேகம். தூரத்தில் இருந்து ஒருத்தி நடந்து வருகிறாள், வீட்டில் விளக்கை அணைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வருகிறாள், ஆனால் ஓட முடியவில்லை, அவ்வளவு தூரம் நடந்து களைத்திருக்கிறாள். அப்படி ஒரு வேகம். பிறகு அந்தக் குரல்.

யார் இந்தப் பெண் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் தடித்த குரல். அடியில் ஒரு மணல். காய்ச்சலோ என்னவோ, வரியின் முடிவில் மூச்சு லேசாக உடைகிறது, ஆனால் சுருதி இம்மிகூட அசையவில்லை. வெள்ளிக்காசெல்லாம் இல்லை. முழுசாக ஒரு பெண்பிள்ளை. 'விளக்கை அணைக்காதே' என்று அவள் பாடவில்லை, கேட்கிறாள். மெய்யாகவே யாரிடமோ கெஞ்சிக் கேட்கிறாள்.

பிறகு பொறி தட்டியது. இதே குரலில்தான் நான் ஆயுசு பூராவும், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொன்னேன். என் மகளுக்கு எண்களைச் சொன்ன குரல் இது. இது எங்கேயும் போகவே இல்லை. இதைத்தான் வீட்டில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு சின்னப் பெண்ணின் குரலை என் தொண்டைக்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

கண்ணில் நீர் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஒலிப்பதிவாளர் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

சரணம் வந்தது. அண்ணன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். முதலில், ஆகா என்று ஆட்டினான். பிறகு ஆட்டம் மாறியது. புருவத்தைச் சுருக்கினான். கால்விரலால் தரையில் தாளம் போட்டுப் பார்த்தான். அவனை எனக்கு அறுபது வருடத்துக்கு மேலாகத் தெரியும். அந்தப் புருவம் எதற்குச் சுருங்கும் என்று தெரியும்.

"அற்புதம்" என்றான் முணுமுணுப்பாக. "அற்புதம்தான். ஆனா இந்த இடத்துல லேசா இழுக்குது, இல்ல? ஒரு துளி... ஒரு அரைக் கட்டை ஏத்தினா..."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று இருந்தது. அவன் வேண்டுமென்று செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கை தானாகப் போனது. அன்றைக்கும் இப்படித்தான் போயிருக்கும்.

"சார்!" என்று ஒலிப்பதிவாளர் கத்தினாள்.

அவள் எழுவதற்குள் நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். குமிழில் இருந்து கையைப் பிய்த்து எடுத்து மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். இத்தனை பலம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். தான் செய்யப் போனது என்ன என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. வாய் கோணிக்கொண்டது.

ரீல் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் இன்னும் வந்தது. பாடவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. உதடு தானாகப் பிரிந்தது. டேப்பில் இருந்தவளோடு சேர்ந்து என் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது, பழைய கதவைத் திறக்கிற மாதிரி. இரண்டாவது இன்னும். குரல் கரகரத்தது, ஆனால் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. மூன்றாவது வருகிறது என்று தெரிந்தது. வழக்கம்போல இதோ எலி, இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். பயந்துகொண்டே வாயைத் திறந்தேன்.

வந்தது. கிழட்டுக் குரல்தான், ஓட்டை விழுந்த குரல்தான். ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போய், அங்கேயே நின்று, கொஞ்சம் ஆடி, பிறகுதான் இறங்கியது.

அண்ணனின் கண் நிரம்பி வழிந்தது. "எட்டுதே குட்டி! உனக்கு எட்டுதே!" என்றான், ஏதோ அதிசயத்தைக் கண்டவன்போல.

"எனக்கு எப்பவுமே எட்டுச்சுண்ணா" என்றேன். "நீதான் அதை எட்டாத இடத்துல தூக்கி வெச்சே."

பாட்டு இன்னும் முடியவில்லை, பல்லவி ஒருமுறை பாக்கி இருந்தது. அது முடிந்து, நாற்காலி கிறீச்சிட்டு, பழைய அறையில் யாரோ இருமி, டேப் தீர்ந்து ரீல் வெறுமனே சுற்றும்வரைக்கும் அவன் கையை நான் விடவில்லை.